ஏப்ரல் பேட்ச்

—இந்த ஹோட்டல் வாசல்ல நிக்க வேண்டாம்ப்பா. ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடை இருக்குல்லா, அங்க போய் இருங்க. இன்டர்வியூ முடிஞ்சதும் நானே வந்து கூப்பிடுறேன்.

—ஏன் தாயி, இங்ஙன நல்ல நிழலு. செக்யூரிட்டியும் ஒண்ணும் சொல்லலியே. உள்ள போங்கன்னுகூட கையைக் காட்டினான்.

—அது கார்ல வர்றவங்களுக்குக் காட்டுறது.

—நாம சாக்கையில பஸ்ஸை விட்டு இறங்கினதை அவன் எங்க பாத்தான்?

—அப்பா, உள்ள இன்டர்வியூவுக்கு வந்தவங்க மட்டும்தான் போகலாம். பேரண்ட்ஸ் யாரும் வரக்கூடாதுன்னு மெயில்லயே போட்டிருக்கு.

—செரி, போட்டிருந்தா வேண்டாம். ஒன் டோக்கன் எத்தனை?

—அறுபத்தொண்ணு.

—இப்பம் எத்தனை ஓடுது?

—அம்பத்தாறு.

—அப்பம் அரை மணி நேரம் கெடக்கு. ஒரு டீயைக் கையில வச்சிக்கிட்டு அரை மணி நேரம் அவன் பெஞ்சில உக்காந்திருந்தா கடைக்காரன் என்ன நினைப்பான், பாத்துக்க.

—அப்ப ஆரியசாலைக்கே திரும்பிப் போயிருங்களேன். இப்பப் போனா மத்தியானத்துக்கு முன்ன கடையில இருக்கலாம். இன்னைக்கு மிளகாய் வத்தல் லாரி வர்ற நாள். முதலாளி தேடுவாரு.

—முதலாளிகிட்டச் சொல்லிட்டுத்தான் வந்தேன். இருபத்தெட்டு வருசத்துல, ஊர்க் கோயில் கொடை போக, நானா லீவு கேட்டது இதோட மூணாவது தடவ. நீ பொறந்தப்பம் ஒண்ணு. ஒன் அம்மாவுக்கு ஆபரேசன் நடந்தப்பம் ஒண்ணு. கேட்டதும் அவரு காலண்டரைப் பாக்காரு, என்னைப் பாக்காரு. உச்சிமாகாளி, நீயா கேக்கேன்னு சொல்லிட்டு, போயிட்டு வாடேன்னுட்டாரு.

—நான்தான் வேண்டாம்னு சொன்னேனே.

—நீ சொன்ன. நான் வந்தேன். அது கெடக்கு. வயசு கேட்டா என்ன சொல்லுவ?

—இருபத்தாறு. உள்ளதுதானே.

—பத்தொம்பதாம் தேதி வந்தா இருபத்தேழு ஆயிருமே.

—அதுக்குத்தானே ஓடி வந்திருக்கேன். இன்னைக்கு உள்ள வயசைத்தான் பாப்பாங்க. இன்னைக்குப் பத்தாம் தேதி. ஒம்பது நாள் கழிச்சு எந்தக் கம்பெனியிலயும் புது ஆளா நான் உள்ள கேற முடியாது. முன்அனுபவம் உண்டான்னு கேப்பாங்க. ஏர்போர்ட் வேலையில எனக்கு எங்க அனுபவம்? டிப்ளமோ சர்ட்டிபிகேட்டுதான் உண்டு.

—கழக்கூட்டத்து வேலையைச் சொல்லேன்.

—சொல்லுவேன், ஐ.டி. பார்க்குல ரிசப்ஷன்னு.

—கேட்ல இருந்து பாஸ் எழுதிக் குடுக்கேன்னு சொல்லிராத.

—சொன்னா என்ன? அங்கயும் அடையாள அட்டையைப் பாத்து, பேரைச் சரிபாத்து, சிரிச்சிட்டு உள்ள விடணும். செக்-இன் கவுன்டர்லயும் அதுதான். பெட்டி இல்லை, அம்புட்டுதான்.

—அதெல்லாம் நல்லாத்தான் பேசுத. ஆனா ஒரு கேள்வியைப் பத்தி மட்டும் ஒன் அம்மாகிட்ட நேத்து குசுகுசுன்னு சொல்லிட்டிருந்த. ஆபர் கிடைச்சும் அன்னைக்கு ஏன் சேரலன்னு கேப்பாவன்னு.

—அது உங்க காதுல விழுந்துச்சா?

—நான் தூங்கின மாதிரிதான் கெடந்தேன். கேப்பாவளா?

—கேப்பாங்க. அதே கம்பெனிதானே. பழைய விவரம் எல்லாம் சிஸ்டத்துல கிடக்கும். ரெண்டாயிரத்து இருபது, மார்ச் ரெண்டாம் தேதி வந்து சேருன்னு அவங்க சொன்னாங்க. நான் மெயில் எழுதிக் கேட்டு ஏப்ரல் ஆறுக்கு மாத்தினேன். அதுக்குள்ள கொரோனா வந்துருச்சு. ஏப்ரல் பேட்ச்னு ஒண்ணு நடக்கவே இல்லை.

—அதுக்குத்தான் நான் வந்திருக்கேன்.

—எதுக்கு?

—இந்தக் கவரைப் பிடி. மடக்கிராத. உள்ள ஒரு தாள் இருக்கு, எடுத்து வாசி.

—என்னப்பா இது, கோயில் ரசீதா?

—ரசீது இல்லட்டி, சர்ட்டிபிகேட்டு. சத்தமா வாசி. பிழை ஏதும் இருந்தா இப்பமே தெரிஞ்சிக்கிடலாம்.

—"அருள்மிகு முப்பிடாதி அம்மன் கோவில் கொடைக் கமிட்டி. விமானக் கம்பெனி மேனேஜர் உயர்திரு ஐயா அவர்கள் சமூகத்துக்கு." அப்பா, என்னது இது?

—வாசி, வாசி.

—"எங்கள் ஊர் உச்சிமாகாளி மகள் பிரேமா என்பவர், 2020ஆம் வருடம் மாசி கடைசிச் செவ்வாய் நடைபெற்ற கொடைத் திருவிழாவில், வகையறா முறைப்படி முளைப்பாரி எடுக்க வேண்டியிருந்தபடியால், தங்கள் கம்பெனியில் குறித்த தேதியில் வேலைக்குச் சேர இயலவில்லை என்று சான்றளிக்கிறோம். இதில் பிள்ளையின் பேரில் யாதொரு தவறும் இல்லை. தகப்பனார் பேரில்தான் தவறு."

—அந்தக் கடைசி வரி நான் சொல்லி எழுதினது. கமிட்டியில உள்ள வாத்தியாரு வேண்டாம்னாரு. எழுதும்னு சொல்லிட்டேன்.

—எப்ப ஊருக்குப் போனீங்க?

—போன ஞாயித்துக்கிழமை.

—கோவில்பட்டிக்கு வத்தல் பாக்கப் போறேன்னுல்லா சொன்னீங்க.

—கோவில்பட்டிக்கும் போனேன். வழியிலதான இருக்கு ஊரு.

—நாலு வருஷமா ஊர்ப்பக்கம் எட்டிப் பாக்காதவர் நீங்க.

—அதைத்தான் அவுகளும் சொன்னாவ. நாலு கொடைக்கு வராதவனுக்குச் சீல் கிடையாதுன்னாவ. அப்பம்தான் காரணத்தைச் சொன்னேன். எம்பேச்சைக் கேட்டு என் மவ வேலையைத் தள்ளிப் போட்டா, அந்த வேலையே இல்லாமப் போச்சு, எந்த மூஞ்சியை வச்சிக்கிட்டு நான் கொடைக்கு வரன்னு கேட்டேன். வாத்தியாரு சீலை எடுத்து ரெண்டு தடவ குத்தினாரு. பாரு, கீழ ரெண்டு சீல் இருக்கும்.

—இதை உள்ள நீட்டினா சிரிப்பாங்கப்பா.

—சிரிக்கட்டும். என்னைப் பாத்துத்தான சிரிப்பாவ. நானே வந்து குடுக்கலாம்னு பாத்தேன். இங்கிலீசும் படிச்சு வச்சிருக்கேன். கடைக் கணக்குப்பிள்ளை ஸ்ரீனிவாசன் சொல்லிக் குடுத்தாரு. சார், மை மிஸ்டேக். நாட் டாட்டர் மிஸ்டேக். சரியா இருக்கா?

—சரியாத்தான் இருக்கு.

—பின்ன ஏன் மூஞ்சியைத் திருப்பிக்கிடுத?

—வெயிலுப்பா.

—கடையில மூட்டையை எடை போடும்போதுகூடச் சொல்லிப் பாத்துக்கிட்டேன். மேல மேடம் இருந்தா சார்னு சொல்லப்படாதாம். மேடம், மை மிஸ்டேக்.

—அப்பா, கொஞ்சம் நிறுத்துங்க. இந்தத் தாளை நான் காட்டப் போறதில்லை, இந்தாங்க, நீங்களே வச்சிக்கிடுங்க. கொரோனாவுல யாருக்குத்தான் வேலை போகலை? எனக்கு மட்டுமா? எங்க கிளாஸ்ல நாப்பத்திரண்டு பேர். நாலு கம்பெனி காலேஜுக்கு வந்து முப்பத்தாறு பேருக்கு ஆபர் குடுத்துட்டுப் போச்சு. கேன்டீன்ல அன்னைக்குப் பேச்சு என்ன தெரியுமா? உனக்கு எந்த ஏர்போர்ட்டு, எனக்கு எந்த ஏர்போர்ட்டு, அதுதான். வேலை கிடைக்குமான்னு ஒருத்தரும் பேசலை. ஏப்ரல் பேட்ச்ல நாங்க பதினொண்ணு பேர். பதினொண்ணு பேருக்கும் ஒரே மெயில், பின்னால தெரிவிக்கிறோம்னு. அனூப் நினைவிருக்கா, பைலட் மாதிரி கண்ணாடி போட்டுட்டு நடப்பான்.

—ஒரு தடவ வீட்டுக்கு வந்து அப்பளத்தைப் பூராம் தின்னானே, அவனா?

—அவன்தான். இப்ப பொன்முடியில ஒரு ரிசார்ட்ல ரூம் சாவி குடுத்துட்டு இருக்கான். அடுத்த வருஷம் எங்க கோர்ஸுக்கு ஒம்பது பேர்தான் சேர்ந்தாங்க. பாடம் எடுத்த சாருங்களையெல்லாம் பாதிச் சம்பளத்துல வச்சிருந்தாங்க. அதனால இது யார் மேலயும் உள்ள தப்பு இல்லை. விட்டுருங்க.

—மார்ச் ரெண்டாந் தேதி சேந்தவுகளுக்கு என்ன ஆச்சு?

—அவங்களும் ஒன்றரை வருஷம் சம்பளம் இல்லாம வீட்டுலதான் இருந்தாங்க.

—இருந்தாவ. ஆனா ரிஜிஸ்டர்ல பேரு இருந்துச்சுல்லா. விமானம் திரும்ப ஓடினதும் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாவல்லா. ஒன்னை யாரு கூப்பிட்டா? அதைத்தான் சொல்லுதேன். அஞ்சு வாரம், பாத்துக்க. அஞ்சே அஞ்சு வாரம். கொடை அன்னைக்கு மைக்குல என்ன சொன்னாவ, ஞாபகம் இருக்கா?

—வேண்டாம்ப்பா.

—உச்சிமாகாளி மகள், ஏரோப்பிளேன் வேலையைத் தள்ளி வச்சிட்டு நம்ம அம்மனுக்கு முளைப்பாரி எடுக்க வந்திருக்காள்னு சொன்னாவ. ரெண்டு தடவ சொன்னாவ. நான் மைக்செட்டுக்காரன்கிட்டப் போய், இன்னொரு தடவ சொல்லுப்பா, கடைசித் தெருவுக்குக் கேக்கலன்னேன். மூணாவதும் சொன்னான். முளைப்பாரி கரைச்சு ரெண்டு வாரத்துல விமானத்தையே நிறுத்திட்டாவ. அன்னையிலருந்து கடைக்கு மேலகூடி விமானம் போனா நான் நிமிந்து பாக்கது இல்ல. கடையில கூட நிக்க செல்வகணேஷ் பயகூட கேலி பண்ணுவான். அண்ணாச்சிக்கு மட்டும் காது கேக்காது போலன்னு.

—எடி பிரேமே, நீ இங்கயா நிக்கே? உள்ள ஏசியில இருக்காம இந்த வெயில்ல நின்னு முகமெல்லாம் எண்ணெய் வழியுது. இது அங்கிளா? நமஸ்காரம் அங்கிள். நான் லிபி. பாறசாலை. இவ கூடப் படிச்சவ.

—தெரியும் தாயி. போட்டோல பாத்திருக்கேன். யூனிபார்ம்ல அடையாளம் தெரியல. நல்லா இருக்கியா?

—நல்லா இருக்கேன் அங்கிள். இப்ப இந்த ஆள் எடுக்கிற வேலையையும் என் தலையில கெட்டி வச்சிருக்கினும். காலையில இருந்து பேர் கூப்பிட்டுத் தொண்டை போச்சு. நீங்க என்ன வெளிய நிக்கீங்க? உள்ள வாங்க. லாபியில பேரண்ட்ஸ் எல்லாம் இருக்கினும். காப்பி உண்டு, கட்லெட் உண்டு. ஒரு அப்பச்சன் மூணாவது கட்லெட்டு தின்னுட்டு இருக்காரு.

—பேரண்ட்ஸ் வரக்கூடாதுன்னு மெயில்ல போட்டிருக்காமே.

—எந்த மெயில்ல அங்கிள்? மெயில் அனுப்பினதே நான்தான்.

—நான் சரியா வாசிக்கலை போல, லிபி.

—நீயா? கிளாஸ்ல பிட் நோட்டீசைக்கூட ரெண்டு தடவ வாசிக்கிறவ நீ.

—அது கெடக்கு தாயி. எனக்கு ஏசி ஒத்துக்கிடாது. இங்ஙனயே காத்து நல்லா வருது. எம்மவளுக்கு இந்த வேலை கிடைக்குமா, அதை மட்டும் சொல்லு.

—நான் என்ன சொல்ல அங்கிள்? இந்த சீசனுக்கு எங்களுக்கு எண்பது பேர் வேணும். ஆள் கிடைக்கல்ல. அதனால வாசல் திறந்துதான் கிடக்கு. ஆனா முன்ன மாதிரி இல்ல. ஏவியேஷன் படிச்சவங்கன்னா முன்ன ஒரு மதிப்பு இருந்துச்சு. இப்ப மேல உள்ளவங்க, எந்தப் பிள்ளையானாலும் போதும், மூணு மாசத்துல நாங்க படிப்பிச்சுக்கிடுவோம்னு சொல்லுறாங்க. சம்பளமும் எங்களுக்கு அன்னைக்குத் தந்ததை விடக் குறைவு. பத்தொன்பது வயசுப் பிள்ளைகள் சரின்னு தலையாட்டும். நம்ம பேட்ச் பிள்ளைகளை அதுகளுக்கு நடுவுல உக்கார வச்சுப் பேர் கூப்பிடும்போ எனக்கு என்னமோ போல இருக்கு. யாரோட சீட்டுலயோ நான் இருக்க மாதிரி.

—நீ அப்படி நினைக்காத தாயி. நீ நேரத்துக்குப் போய்ச் சேந்த.

—பிரேமே, ஒண்ணு கேளு. நான் பறஞ்சதுன்னு யாருகிட்டயும் சொல்லாதே. உள்ள இருக்கிற ரெம்யா மேடம் ஒவ்வொருத்தரோட பழைய ஃபைலையும் திறந்து வச்சுத்தான் பேசுறாங்க. ஏப்ரல் பேட்ச்ல மத்த பத்து பேருக்கும் அந்தத் தேதி கம்பெனி குடுத்தது. உன் பேருக்கு நேரே மட்டும், இவங்களே கேட்டு மாத்தினதுன்னு இருக்கு. ஏன்னு கேப்பாங்க. பதில் ரெடியா வச்சுக்கோ.

—அது எனக்காகத்தான் தாயி. ஊர்க் கொடை. சர்ட்டிபிகேட்டே கொண்டாந்திருக்கேன்.

—கொடையா? பேங்க்ல இருக்கிற மாமாவுக்கு மார்ச்சுல லீவு கிடைக்காதுன்னுல்லா நீ அன்னைக்கு—

—லிபி, உன்னை உள்ள தேடுவாங்க.

—ஆ… செரி. செரி, நான் போறேன். பேர் கூப்பிடும்போ வா, பேடிக்காதே, பயப்பட ஒண்ணும் இல்ல. அங்கிள், வாறேன்.

—போயிட்டு வா தாயி.

—நல்ல பிள்ளைதான்ப்பா. வாய்தான் கொஞ்சம் கூடுதல்.

—பேங்க் மாமான்னா யாரு? ஒன் அம்மா கூடப் பொறந்த லிங்கராஜா?

—அவ என்னத்தையோ மாத்திச் சொல்றாப்பா. காலையில இருந்து எத்தனை பேர்கிட்டப் பேசியிருப்பா.

—ஏட்டி.

—ஆமா. லிங்கராஜ் மாமா.

—ஒன் வேலைக்கும் அவனுக்கும் என்ன?

—சேருற அன்னைக்கு ஒரு பாண்டு எழுதணும்ப்பா. ரெண்டு வருஷத்துக்கு வேலையை விட மாட்டேன்னு. நான் மட்டும் எழுதினாப் போதாது. அப்பாவோ, அந்த இடத்துல வேற பெரியவங்களோ கொச்சி ஆபீசுக்கு வந்து, அவங்க முன்னால இருந்து ஜாமீன் கையெழுத்துப் போடணும்.

—எங்கிட்டச் சொல்லலியே.

—சொல்லலை.

—எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்லா.

—தெரியும்ப்பா.

—ஆறாப்பு முடிச்சிருக்கேன். மலையாளமும் எழுத்துக் கூட்டி வாசிச்சிருவேன்.

—தெரியும்.

—லீவு கிடைக்காதுன்னு நினைச்சியோ?

—மாமாகிட்ட அப்படித்தான் சொன்னேன். அப்பாவுக்குக் கடையில லீவு தர மாட்டாங்க, நீங்க வாங்க மாமான்னு. மார்ச்சு கணக்கு முடிக்கிற மாசம், பேங்க்ல அசைய முடியாது, ஏப்ரல்ல வாரேன்னாரு. அதுக்குத்தான் மெயில் எழுதி ஏப்ரல் பேட்ச் கேட்டேன்.

—அப்பம் கொடை?

—மெயில் அனுப்பி ரெண்டு நாள் கழிச்சுத்தான் நீங்க கொடையைப் பத்தி வீட்டுல பேசினீங்க. இந்த வருஷம் நம்ம முறை, நீ நிக்கணும்னு. நான் சரின்னுட்டேன். உங்களுக்காகத் தேதியைத் தள்ளி வச்சிட்டேன்னும் சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன்னு எனக்கே தெரியாது. வாயில வந்துருச்சு. உங்க முகத்தைப் பாத்ததும் அதை மாத்திச் சொல்லவும் முடியலை.

—கேட்டிருந்தா முதலாளி லீவு குடுத்திருப்பாரு தாயி. கொச்சி என்ன, டெல்லின்னாலும் குடுத்திருப்பாரு.

—லீவு இல்லப்பா காரணம்.

—பின்ன?

—காலேஜ்ல எங்களுக்கு ஆபர் லெட்டர் குடுத்த அன்னைக்கு நீங்க வந்தீங்கல்லா.

—வந்தேன். லாரியில இருந்து லோடு இறக்கிட்டு ஓடி வந்தேன். சட்டைகூட மாத்தினேனே.

—மாத்தினீங்க. வத்தல் தூசி தலைமுடியில இருந்துச்சு. நீங்க உக்காந்ததும் பக்கத்துல உள்ளவங்க தும்ம ஆரம்பிச்சாங்க. முன் வரிசையில ரெண்டு பேர், பின் வரிசையில ரெண்டு பேர். கூடப் படிச்ச ஆர்ஷாவோட அம்மா கர்சீப்பை மூக்குல வச்சிட்டு எழும்பி வேற இடத்துக்குப் போனாங்க. நான் மேடையில நின்னு பாத்துட்டே இருந்தேன். நீங்க எழும்பி நின்னு, எல்லாருக்கும் தடுமம் பிடிச்சிருக்கு, அந்த ஃபேனை நிறுத்துங்கன்னு சத்தம் போட்டீங்க.

—ஃபேன் இல்லட்டி. ஏசியைக் கொறைக்கச் சொன்னேன்.

—ஹால்ல எல்லாரும் சிரிச்சாங்க. யாரோட அப்பாடி இவருன்னு என் பக்கத்துல நின்ன பிள்ளை கேட்டா.

—யாரு, லிபியா?

—வேற பிள்ளை. தெரியலைன்னு சொன்னேன்.

—ம்.

—தெரியலைன்னு சொன்னேன்ப்பா. அதுக்கப்புறம் பாண்டு பேப்பர் வந்துச்சு. கொச்சி ஆபீஸ், கண்ணாடி ரூம், கோட்டு போட்டவங்க, மத்த பிள்ளைகளோட அப்பாமார். அதுக்கு நடுவுல உங்களை நினைச்சுப் பாத்தேன். எனக்கு வெக்கமா இருந்துச்சு. அம்புட்டுதான். வேற ஒரு காரணமும் இல்லை.

—இதை ஒன் அம்மாகிட்டச் சொன்னியா?

—யாருகிட்டயும் சொல்லலை. ஏப்ரல் பேட்ச் இல்லைன்னு ஆனதும், எம்பேச்சாலதான் போச்சுன்னு நீங்க தலையில அடிச்சிக்கிட்டீங்க. அன்னைக்கே சொல்லியிருக்கணும். சும்மா இருந்துட்டேன். நீங்க ஊருக்குப் போறதை நிறுத்தினீங்க, அப்பவும் சும்மா இருந்தேன். ஒவ்வொரு மாசியிலயும் இன்னைக்குச் சொல்லணும், நாளைக்குச் சொல்லணும்னு இருப்பேன். பிறகு பங்குனி வந்துரும். எனக்கு அது சௌகரியமா இருந்துச்சுப்பா. வேலை போனதுக்கு நான் காரணம் இல்லைன்னு வீட்டுல எல்லாரும் என்கிட்டப் பிரியமா இருந்தீங்க.

—இன்னைக்கும் டீக்கடைக்குப் போன்னு சொன்னியே.

—ஆமா.

—மெயில்ல போட்டிருக்குன்னு.

—ஆமாப்பா. பொய்தான்.

—இன்னைக்கு நான் கடைக்குப் போகாமத்தான் தாயி வந்தேன். பஸ்ல யாரும் தும்மல.

—அப்பா, உள்ள வாங்க. லாபியில வந்து உக்காருங்க. என் கூட வாங்க.

—வேண்டாம். இப்பம் நான் உள்ள வந்தா நீ என்னைப் பாத்துப் பாத்து, கேக்க கேள்விக்குப் பதில் சொல்ல மாட்ட.

—அப்ப அந்தத் தாளைக் குடுங்க, கிழிச்சுப் போட்டுறலாம். வாத்தியார் ரெண்டு சீல் குத்தினாலும் அது பொய்தானே. கேட்டா நான் உள்ளதைச் சொல்லிருவேன்.

—உள்ளதுன்னா, என்னன்னு சொல்லுவ?

—எங்க அப்பாவைக் கூட்டிட்டு வர வெக்கப்பட்டுத் தேதியை மாத்தினேன்னு.

—அறுபத்தொண்ணு. பிரேமா உச்சிமாகாளி. எடி, வா, மேடம் நோக்கிட்டு இருக்காங்க.

—வரேன் லிபி, ஒரு நிமிஷம். அப்பா, கையை விடுங்க. தாளைக் குடுங்க.

—கிழிக்க வேண்டாம் தாயி. கேட்டா கொடைன்னே சொல்லு. வேலை போச்சேன்னு நாலு வருசமா நான் மருகினது நெசந்தான், ஆனா எம்பேச்சை மதிச்சு எம்மவ நின்னாளேன்னு உள்ளுக்குள்ள ஒரு பெருமையும் இருந்துச்சு, அது ஒரு கம்பெனித் தாள்லயாவது எழுதிக் கெடக்கட்டும்.